மஞ்சள் காமாலையும் ஆறாத தையலும்

போன தை மாசம் ஆனைக்குட்டத்தில் எங்கள் பழைய வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தபோது பெரியப்பாவின் டிரங்குப் பெட்டி அடியில் ஒரு பழுப்புக் கவர் கிடைத்தது. உள்ளே 1996ஆம் வருஷத்து டிஸ்சார்ஜ் சீட்டு, நாலைந்து இரத்தப் பரிசோதனைத் தாள்கள், சுருண்டுபோன ஒரு எக்ஸ்ரே. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு பெங்களூர் வந்துவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு மாதம் ராத்திரி நேரத்தில் வாசித்ததன் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருஷமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன்.

கதை இதுதான். 1996இல் நான் பிளஸ் ஒன். பெரியப்பா வெடி ஆலையில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தார். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம்: எங்கள் பக்கம் மருந்து என்றால் பட்டாசுக்குள் போகிற கலவை, மாத்திரை என்றால்தான் ஆஸ்பத்திரி மருந்து. ஒரு நாள் அவர் கண் மஞ்சளானது. ஒன்றரை மாசம் கழித்து மதுரையில் ஆபரேஷன். பித்தக் குழாயில் கல். பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். அன்று ராத்திரி பெரியப்பா இருமினார். வயிற்றுக்கட்டு நனைந்தது. மேல்தையல் போட்ட இடம் மட்டுமில்லை, அடியில் இருந்த தசைத் தையலும் விட்டுப்போயிருந்தது. திரும்பவும் ஆபரேஷன் தியேட்டர். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த இடத்தில் வயிறு பலவீனமாகி, குடல் வெளியே தள்ள ஆரம்பித்து, கடைசிவரை பெல்ட் கட்டிக்கொண்டுதான் நடந்தார். பாரம் தூக்கக்கூடாது என்றதால் ஆலை வேலையும் போயிற்று.

எங்கள் குடும்பத்தில் இதற்கு ஒரே விளக்கம்தான். “அந்த டாக்டரு தையல ஒழுங்காப் போடல.” கல்யாண வீடு, கருமாதி வீடு எங்கே நாலு பேர் கூடினாலும் அந்தப் பேச்சு வரும், அந்த மனிதருக்கு சாபம் விழும். நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புரோகிராம் படுத்துவிட்டால் முதல் கேள்வி, ‘கடைசியா யார் கைவச்சது?’ பாதி நேரம் அந்த ஆள்மேல் தப்பிருக்காது. கோளாறு ஒரு மாசம் முன்னாலேயே உள்ளே வந்திருக்கும். கடைசியில் தொட்டவன் கையில் வெடித்திருக்கும். பெரியப்பாவின் தையலுக்கும் அப்படி ஒரு முன்கதை இருக்குமோ என்ற கேள்வியோடுதான் தேட ஆரம்பித்தேன்.

மஞ்சள் ஒன்று, நோய் பல

பழைய இரத்தச் செல்கள் உடையும்போது வருகிற மஞ்சள் கழிவின் பெயர் பிலிரூபின். கல்லீரல் அதைப் பக்குவப்படுத்திப் பித்தத்தில் சேர்த்துக் குடலுக்கு அனுப்புகிறது. மலத்தின் பழுப்பு நிறம் அதனால் வருவது. இந்தப் பாதையில் எங்கே அடைத்தாலும், எங்கே பழுதானாலும் கண் மஞ்சளாகும். கல்லீரல் செல்களை வைரஸ் தாக்கினாலும் மஞ்சள். குழாயில் கல்லோ கட்டியோ அடைத்தாலும் மஞ்சள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் வைத்தியம் நேர் எதிர்.

நம் பழைய வைத்தியர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இல்லை. சரக சம்ஹிதையில் காமாலை இரண்டு வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒரு வகையில் மலம் எள்ளை அரைத்த விழுதுபோல வெளுத்துப் போகும் என்று குறிப்பு இருக்கிறது. பித்தம் குடலுக்கு வரவில்லை என்பதற்கு இன்றும் டாக்டர்கள் கேட்கும் முதல் அடையாளம் அதுதான்.

பெரியப்பாவுக்கு வந்த மஞ்சளுக்கு ஊரில் முதலில் சொன்ன காரணம் மருந்து. ‘கந்தகம் ஏறிருச்சு’ என்றார்கள். வெடிமருந்தால் காமாலை வருவது முழுக் கற்பனை இல்லை. முதல் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுத் தொழிற்சாலைகளில் டிஎன்டியைக் கையாண்ட பெண்களின் தோல் மஞ்சளானது. ஊரார் அவர்களைக் கேனரிக் குருவிகள் என்றார்கள். பலருக்கு அது தோல் நிறத்தோடு நின்றது. சிலருக்குக் கல்லீரலே கெட்டது. 1916இல் ‘நச்சுக் காமாலை’ கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக்கப்பட்டது. போர் முடிவதற்குள் பதிவானவர்கள் சுமார் 400 பேர்; நூறு பேர் அளவில் இறந்தார்கள். ஆனால் எங்கள் ஊர்ப் பட்டாசில் டிஎன்டி கிடையாது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள், இப்படித்தான் போகும். பெரியப்பாவின் மஞ்சளுக்குக் காரணம் பித்தநாளத்தில் உட்கார்ந்திருந்த கல்.

அது தெரிவதற்குள் ஒன்றரை மாசம் போய்விட்டது. பக்கத்து ஊரில் ஒருவர் காமாலை மாலை போட்டுவிட்டார். அது நாளுக்கு நாள் நீளும். குச்சிகள் காய்ந்து, முடிச்சு தளர்ந்து நீளுகிறது. நோய் இறங்குகிறது என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். காலையில் மோரில் கீழாநெல்லி. அதோடு பத்தியம்: உப்பில்லை, எண்ணெயில்லை, புளியில்லை, பருப்பில்லை, முட்டை மீன் கறி நினைக்கவே கூடாது. மஞ்சள்தூள்கூட ஆகாது, ஏற்கெனவே மஞ்சளாக இருக்கிறாரே! மோர்ச்சோறும் இளநீரும்தான் ஆகாரம்.

இதைக் கேலியாக எழுதவில்லை. இந்த வைத்தியம் ஜெயிப்பதை ஊர் கண்ணால் பார்த்திருக்கிறது. 1955-56இல் டெல்லியில் சாக்கடை கலந்த குடிநீரால் 29,000 பேருக்கு மேல் காமாலை வந்தது. பிற்பாடு அது ஹெபடைடிஸ் ஈ வைரஸ் என்று தெரிந்தது. கர்ப்பிணிகளுக்கு அது ஆபத்தான நோய். மற்றவர்களில் பெரும்பாலோர் சில வாரத்தில் தானாகவே தேறுகிறார்கள். தானாகத் தேறும் நோய்க்கு எந்த மாலை போட்டாலும் பலிக்கும். கீழாநெல்லியைப் பற்றி நிஜமான ஆராய்ச்சியும் நம்மூரில் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976இல் நோபல் வாங்கிய பாருக் ப்ளம்பெர்க்கும் சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்த வைரஸை நீண்ட நாள் உடலில் சுமப்பவர்களில் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். பிற இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. அது எப்படியோ இருக்கட்டும். அந்தச் சோதனை வைரஸ் பற்றியது. குழாயில் அடைத்த கல்லைக் கீழாநெல்லி தள்ளாது.

இரத்தம் நிற்காத காலம்

1930கள் வரை காமாலைக்காரரைக் கத்தி வைக்க சர்ஜன்கள் பயந்தார்கள். ஆபரேஷன் நன்றாக முடியும். இரண்டு மூன்று நாள் கழித்துக் காயத்தில் இரத்தம் கசிய ஆரம்பிக்கும். எதைச் செய்தாலும் நிற்காது.

விடை கோழிக்குஞ்சிலிருந்து வந்தது. கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் 1929 வாக்கில் கொழுப்பு நீக்கிய தீவனத்தைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். குஞ்சுகளுக்குத் தோலுக்கடியில் இரத்தம் கட்டியது. எடுத்த இரத்தம் உறையவில்லை. கொழுப்போடு சேர்ந்து ஏதோ ஒரு சத்து காணாமல் போகிறது என்று பிடித்தார். 1935இல் அதற்கு வைட்டமின் கே என்று பெயர் வைத்தார். டேனிஷிலும் ஜெர்மனிலும் இரத்தம் உறைதலுக்கான சொல்லின் முதல் எழுத்து கே. அதே 1935இல் அமெரிக்காவில் ஆர்மண்ட் குவிக், இரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று அளக்கும் ஒரு சோதனையை வெளியிட்டார். இன்றும் ஆபரேஷனுக்கு முன்னால் பார்க்கிற ‘பி.டி.’ அதுதான்.

இரண்டையும் சேர்த்தால் கணக்கு புரிகிறது. வைட்டமின் கே கொழுப்பில் கரைவது. குடல் அதை உறிஞ்சப் பித்தம் வேண்டும். குழாய் அடைத்தால் பித்தம் குடலுக்கு வராது. வைட்டமின் உள்ளே போகாது. கல்லீரலால் உறையவைக்கும் புரதங்களை முழுசாகச் செய்ய முடியாது. 1938இல் அமெரிக்காவில் அயோவாவிலும் மேயோ கிளினிக்கிலும், டென்மார்க்கிலும் காமாலை நோயாளிகளுக்கு வைட்டமின் கே கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தம் உறைந்தது. 1943ஆம் வருஷத்து நோபல் பரிசு டாமுக்கும், அந்தச் சத்தைப் பிரித்தெடுத்து அமைப்பைச் சொன்ன எட்வர்ட் டாய்சிக்கும் போனது.

காயம் ஆறுவதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. தையலுக்கு அடியில் இரத்தம் தேங்கினால் அது கிருமிக்கு விருந்து. சீழ் வைத்தால் தையல் நிற்காது.

நியூயார்க்கில் ஆலன் விப்பிளின் கதையும் இதே வருஷங்களில்தான் நடக்கிறது. கணையத் தலைப்பகுதியில் கட்டி வந்தால் அது பித்தக் குழாயை நெருக்கி ஆளை மஞ்சளாக்கும். 1935இல் அவர் குழுவினர் இந்தக் கட்டியை எடுக்கும் ஆபரேஷனை இரண்டு தவணையாகச் செய்ததை எழுதினார்கள். முதல் தவணையில் பித்தத்துக்கு மாற்றுப் பாதை. மஞ்சள் இறங்கும்வரை காத்திருப்பு. அதற்கப்புறம்தான் கட்டி. காமாலை உடம்பு பெரிய காயத்தைத் தாங்காது என்ற அனுபவ அறிவுதான் இந்தக் காத்திருப்பு. வைட்டமின் கே கைக்கு வந்தபின், 1940இல் அவரே ஒரே தவணையில் செய்தார்.

பெரியப்பாவின் சீட்டில் ஆபரேஷனுக்கு முன் மூன்று நாள் வைட்டமின் கே ஊசி போட்டதாக இருக்கிறது. பி.டி. இரண்டு தடவை பார்த்திருக்கிறார்கள். இரண்டாவது தடவை சரியாக வந்திருக்கிறது. அதாவது இரத்தக் கசிவு காரணமில்லை. அந்த டாக்டர் பாடத்தை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்.

கயிறு திரிக்கிற வேலை

அப்படியானால் தையல் ஏன் விட்டது? இதற்குக் காயம் எப்படிச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும்.

நாம் நினைப்பதுபோல நூல் காயத்தை ஆற்றுவதில்லை. இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது மட்டும்தான் அதன் வேலை. அந்த அவகாசத்தில் உடம்பு கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைச் செய்து இடைவெளியை நெய்ய வேண்டும். முதல் சில நாள் காயத்துக்குச் சொந்த பலம் கிட்டத்தட்ட இல்லை. அந்த நாட்களில் கொலாஜன் சரியாக விழாவிட்டால் தையலைப் பிரித்த அன்று வயிறு திறக்கும்.

இந்தக் கொலாஜன் எப்படி இருக்கும் என்று உலகத்துக்குச் சொன்னது சென்னை. ஜி.என். ராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்தார். அப்போது அங்கே வந்திருந்த ஜே.டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னாராம். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாண் போன்றவற்றை எக்ஸ்ரேயில் பார்த்து, 1954, 1955இல் நேச்சர் இதழில் விடை எழுதினார்கள்: மூன்று சரடுகள் ஒன்றையொன்று சுற்றிய முறுக்கு. சணல் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

அந்த முறுக்கு கழன்றுவிடாமல் நிற்க ஒரு வேலை நடக்க வேண்டும். சரடில் இருக்கும் புரோலின் என்ற அமினோ அமிலத்தோடு ஒரு ஆக்சிஜன் அணு சேர வேண்டும். அதைச் செய்கிற நொதி புரோலில் ஹைட்ராக்சிலேஸ். அதற்கு இரும்பும் வைட்டமின் சியும் துணைக்கு வேண்டும். வைட்டமின் சி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை பாஸ்டனில் ஜான் கிராண்டன் என்ற இளம் சர்ஜன் 1939இல் தன் உடம்பிலேயே செய்து பார்த்தார். பழம், காய்கறி எதுவும் இல்லாத சாப்பாடு. மூன்றாவது மாசம் முதுகில் ஒரு கீறல் போடச் சொன்னார், ஆறியது. ஆறாவது மாசம் இன்னொன்று. மேல்தோல் மூடியதுபோல் இருந்தும் அடியில் ஒன்றும் சேரவில்லை. வைட்டமின் சி ஏற்றினார்கள், சேர்ந்தது.

காமாலையில் என்ன நடக்கிறது? 1976இல் லண்டனில் பேயரும் ஹெரால்ட் எல்லிஸும் எலிகளின் பித்தக் குழாயைக் கட்டிவிட்டு வயிற்றைக் கீறித் தைத்துப் பார்த்தார்கள். காமாலை எலிகளின் காயம் மெதுவாகத்தான் ஆறியது. (நம்மூர் மருத்துவ மாணவர்கள் படிக்கிற உடற்கூறியல் புத்தகம் எழுதிய எல்லிஸ்தான் இவர்.) 1990இல் பார்சிலோனாவிலிருந்து வந்த ஆய்வு மனிதர்களின் தோலைப் பார்த்தது. குழாய் அடைத்த காமாலை நோயாளிகளின் தோலில் நான் மேலே சொன்ன அதே நொதியின் செயல்பாடு குறைந்திருந்தது. அடைப்பை நீக்கி மஞ்சள் இறங்கியபின் ஏறியது.

இதை வாசித்த அன்று, கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். காமாலைதான் குற்றவாளி, டாக்டரும் தப்பில்லை, நாங்களும் தப்பில்லை. நிம்மதியாகத் தூங்கினேன். மறுபடி வாசித்தபோது கதை அவ்வளவு சுத்தமாக இல்லை.

மஞ்சள்தான் வில்லனா?

காமாலை தனியாக வருவதில்லை. குடலில் பித்தம் இல்லாமல் போவது, பசி போவது, எடை குறைவது, சில பேருக்குப் புற்றுநோய், சில பேருக்குப் பித்தக் குழாயில் கிருமி, இவ்வளவும் கூட்டமாக வரும். காயம் ஆறாததற்கு இதில் எது காரணம்?

மஞ்சள் நிறப் பொருளையே எடுத்துக்கொள்வோம். உத்தரப் பிரதேசம் இசத்நகரில் உள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிகளுக்கு பிலிரூபினை ஊசியாகவே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். காயம் வேகமாக ஆறியிருக்கிறது! பிலிரூபினுக்கு, அளவோடு இருக்கும்போது, செல்களைக் காக்கும் குணமும் உண்டாம். ஆக, நிறத்தைப் பார்த்துக் குற்றம் சாட்ட முடியாது.

குடலுக்கு வராத பித்தம்தான் பெரிய சந்தேகம். பித்த உப்புகள் குடலில் இருக்கும் கிருமிகளின் நஞ்சைப் பிடித்து வைக்கின்றன. அவை இல்லாதபோது அந்த நஞ்சு இரத்தத்துக்குள் கசிகிறது. சோர்ந்த கல்லீரலால் அதை வடிகட்ட முடிவதில்லை. உடம்பு முழுக்க ஒரு மெல்லிய அழற்சி ஓடிக்கொண்டிருக்கும். காமாலை நோயாளிகளுக்கு ஆபரேஷனுக்குப் பின் சிறுநீரகம் செயலிழப்பது ஏன் என்று தேடியவர்கள் 1970களில் இந்த வழிக்கு வந்துசேர்ந்தார்கள்.

அப்படியானால் விப்பிள் மாதிரி முதலில் பித்தத்தை வடித்துவிட்டு அப்புறம் ஆபரேஷன் செய்தால் எல்லாம் சரியாகிவிடுமே? 1974இல் எண்டோஸ்கோப் வழியாகவே பித்தக் குழாயின் வாயை வெட்டித் திறக்க முடிந்தது. 1980 வாக்கில் வாய் வழியாகவே குழாய்க்குள் ஸ்டென்ட் வைக்க முடிந்தது. மஞ்சளை இறக்கிவிட்டு ஆபரேஷன் என்பது பல இடங்களில் வழக்கமாயிற்று. நெதர்லாந்தில் அதை முறையாகச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். கணையத் தலைக் கட்டியால் மஞ்சளான 202 பேர். ஒரு பாதிக்கு ஒரு வாரத்துக்குள் நேராக ஆபரேஷன். மறு பாதிக்கு நாலிலிருந்து ஆறு வாரம் வடித்துவிட்டு ஆபரேஷன். பெரிய சிக்கல் வந்தவர்கள், நேராகச் செய்த குழுவில் 39 சதவீதம். வடித்த குழுவில் 74 சதவீதம். ஸ்டென்ட் அடைப்பதும் அதனால் கிருமி சேர்வதும்தான் பெரும் காரணம். மஞ்சள் மிக அதிகமாக ஏறியவர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவில்லை. அவர்களுக்கும், பித்தக் குழாயில் கிருமி சேர்ந்து காய்ச்சல் அடிப்பவர்களுக்கும் இன்றும் முதலில் வடிக்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் மஞ்சளை இறக்கினாலே போதும் என்ற எளிய கணக்கு இதோடு உடைந்தது.

சீட்டில் இருந்த ஒரு வரி

மீதி இருந்தது பட்டினி.

1936இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹைரம் ஸ்டட்லி என்ற சர்ஜன் ஒரு சின்னக் கணக்குப் போட்டார். வயிற்றுப்புண்ணுக்கு ஆபரேஷன் செய்த நோயாளிகள் அதற்கு முன் எவ்வளவு எடை இழந்திருந்தார்கள் என்று பார்த்தார். 20 சதவீதத்துக்கு மேல் இழந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்தார். அதைவிடக் குறைவாக இழந்தவர்களில் 3.5 சதவீதம்தான். வயதையோ சர்ஜனின் கைத்திறனையோவிட எடை இழப்பு அதிகம் பேசியது. கொலாஜன் என்பது புரதம். உடம்பில் சரக்கில்லாமல் கயிறு திரிக்க முடியாது.

பெரியப்பாவின் தாள்களில் மூன்று எண்களை அடிக்கோடிட்டேன். பிலிரூபின் 16, ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. இரத்தத்தில் இருக்கும் புரதமான அல்புமின் 2.3, மூன்றரைக்கு மேல் இருக்க வேண்டியது. எடை 43 கிலோ. அல்புமின் குறைய சாப்பாடு மட்டும் காரணமில்லை, கல்லீரல் சோர்வும் அழற்சியும் அதைக் குறைக்கும் என்று மருத்துவ நண்பர் ஒருவர் சொன்னார். எடைக்கு அந்தச் சமாதானம் கிடையாது. ஆலையில் மூட்டை தூக்கின மனிதர் அவர். 60 கிலோவுக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. கால்வாசி உடம்பு கரைந்திருக்கிறது.

அந்த எண்களுக்குக் கீழே, டாக்டரின் கிறுக்கல் கையெழுத்தில் ஒரு வரி. தமிழில் சொன்னால்: ஆறு வாரமாகச் சரியான உணவில்லை; காயம் ஆறாமல் போகும் அபாயம் பற்றி உறவினர்களிடம் விளக்கப்பட்டது.

உறவினர்கள் என்றால் நாங்கள்தான். 28 வருஷம் அவரைத் திட்டியவர்கள்.

அடைப்பால் வந்த கேடு எவ்வளவு, பத்தியத்தால் வந்த கேடு எவ்வளவு என்று ஒரு தனி மனிதர் விஷயத்தில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் குழாயில் கல் வந்தது எங்கள் கையில் இல்லை. ஆறு வாரத் தாமதமும் ஆறு வார மோர்ச்சோறும் எங்கள் கையில் இருந்தன.

போன மாசம் ஊருக்குப் போனபோது பெரியம்மாவிடம் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று குழப்பம். அவருக்கு 78 வயது. அந்தப் பத்தியத்தை ஒரு நாள் பிசகாமல் காத்தவர் அவர்தான். பெரியப்பாவோடு சேர்ந்து தானும் உப்பில்லாமல் சாப்பிட்டவர். சீட்டை மட்டும் காட்டி, “அந்த டாக்டரு மேல தப்பு இல்ல போலயே பெரியம்மா” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “தெரியும்யா” என்றார். “ஆப்ரேசன் முடிஞ்ச மூணா நாள்லருந்தே அந்த மனுசன் கத்துனாரு. முட்ட குடும்மா, பருப்பு குடும்மா, ஆரஞ்சு பிழிஞ்சு குடும்மான்னு. புண்ணு சீழ் வச்சிரும்னு உங்க அப்பத்தா குடுக்க விடல. நானும் பயந்துட்டு ரொட்டியும் பாலத் தண்ணியுமாக் குடுத்தேன். குடுத்தேன்னு அவருகிட்ட பொய் சொன்னேன்.”

“பெறகு ஏன் பெரியம்மா எல்லாரும் அவரத் திட்டும்போது…”

“என்னன்னு சொல்லச் சொல்ற? நாந்தான் கொன்னுருப்பேன்னா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. “ஒங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தா, விடுங்க” என்று மட்டும் சொன்னேன். காபி போட எழுந்து போய்விட்டார்.

இந்தப் பதிவை அவரைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. ரெண்டாவது தடவை தைத்தபின் அதே பெரியம்மாதான் தினம் ரெண்டு முட்டை கொடுத்து அவரை எழுப்பி நடக்கவைத்தவர். ஆனால் புளிப்பு சாப்பிட்டால் புண் சீழ் வைக்கும், கத்தரிக்காய் கரப்பான், முட்டை சூடு என்கிற பேச்சு எங்கள் பக்கம் இன்றும் அப்படியே இருக்கிறது. சிவகாசியில் தீக்காயத்தோடு படுத்திருக்கிறவர் வீட்டிலும் அதே பத்தியம்தான் ஓடுகிறது. தீக்காயத்துக்குச் சாதாரணக் காயத்தைவிட அதிகப் புரதம் தேவை.

வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளானால் மூன்று விஷயங்களை மட்டும் கவனியுங்கள். ஒன்று, மலம் வெளுத்து, சிறுநீர் கறுத்து, உடம்பெல்லாம் அரிப்பு இருந்தால் அடைப்பாக இருக்கலாம். அன்றைக்கே ஸ்கேன் எடுக்கக் கேளுங்கள், மாலைக்காகக் காத்திருக்க வேண்டாம். காய்ச்சலும் குளிரும் சேர்ந்து வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. இரண்டு, ஆபரேஷன் என்று முடிவானால் இரத்தம் உறையும் நேரம் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். பெரும்பாலும் பார்த்திருப்பார்கள், ஆனாலும் கேட்பதில் தப்பில்லை. மூன்று, என்ன சாப்பாடு கொடுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்னதைக் கொடுங்கள். பித்தம் வராத நிலையில் எண்ணெய்ப் பலகாரம் செரிக்காது என்பதில் நம் பத்தியம் சரிதான். பருப்பையும் முட்டையையும் பழத்தையும் நிறுத்தியதுதான் தப்பு.

அந்த டாக்டரைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று ஒரு எண்ணம் இருந்தது. சீட்டில் கையெழுத்து புரியவில்லை, கிறுக்கல்தான். ஆஸ்பத்திரி பெயரை வேண்டுமென்றேதான் இங்கே எழுதவில்லை. இத்தனை வருஷம் எங்கள் வாயில் விழுந்தது போதும்.